சுண்ணாம்புச் சுவரில் ஒரு ஜன்னல்

என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு கடலை ஒட்டி இருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலிருந்து கடலைப் பார்க்க முடியாது. கடல் பக்கம் முழுவதும் ஒரே சுவர். கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, காற்று நுழைய ஓர் ஓட்டைகூடக் கிடையாது. அடியிலிருந்து கூரை ஓடு வரைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. வெயில் நேரத்தில் பார்த்தால் கண் கூசும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், "இவ்வளவு நல்ல இடத்துல வீட்டைக் கட்டிட்டு கடலுக்கு முதுகைக் காட்டி வெச்சிருக்காங்களே" என்று சொல்லாமல் போவதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அழகான காரணம்.

எங்கள் பழைய துறைமுகத்தின் வாய் குறுகலானது. இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் மணல் திட்டு. நடுவில் ஒரு கால்வாய் மாதிரி ஆழமான வழி. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். எங்கே ஆழம், எங்கே மணல் என்று தண்ணீர் சொல்லாது. அப்படியானால் வெளியிலிருந்து வரும் கப்பல் எப்படி வழி கண்டுபிடிக்கும்?

நீங்களே செய்து பார்க்கலாம். மேசையில் ஒரு டம்ளரை வையுங்கள். அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு பாட்டிலை வையுங்கள். இப்போது டம்ளருக்கு நேர் பின்னால் பாட்டில் தெரிகிற மாதிரி தலையை வைத்துக்கொள்ளுங்கள். தலையை வலது பக்கம் நகர்த்தினால் டம்ளர் பாட்டிலுக்கு இடது பக்கம் விலகும். இடது பக்கம் நகர்த்தினால் வலது பக்கம் விலகும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகிற வரைக்கும் உங்கள் தலை ஒரே ஒரு கோட்டில்தான் இருக்க முடியும். அந்தக் கோடு ஆழமான வழியின் மேல் விழுகிற மாதிரி கரையில் இரண்டு பொருட்கள் இருந்துவிட்டால் போதும். விளக்கும் வேண்டாம், கருவியும் வேண்டாம். விலகினால், முன்னால் இருப்பது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நாமும் போனால் கோட்டுக்குத் திரும்பிவிடலாம். நான் துறைமுகச் சாலையில் திசைகாட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ கருவிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு எளிமையான ஒன்றைப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் டம்ளர் என்பது அக்கா வீட்டுச் சுவர். பாட்டில் என்பது ஊருக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் பழைய கயிற்று ஆலையின் செங்கல் புகைபோக்கி. அத்தானின் முப்பாட்டனார் பாய்மரக் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். சிறு படகில் வெளியே போய்க் கப்பலில் ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவது அவர் தொழில். தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்க் கூரைகள் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிகின்றன என்று தன் வீட்டுச் சுவருக்கே சுண்ணாம்பு அடித்தார். "சுவரின் நடுவில் புகைபோக்கி" என்று ஒரு விதியையும் விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வெள்ளைச் சுவர் வீட்டுக்காரர்கள் என்று பெயர். வருடா வருடம் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட யாருக்கும் உரிமை இல்லை.

இந்த வரலாற்றுக்குப் பாதுகாவலர் அத்தானின் சித்தப்பா. துறைமுகக் கோபுரத்தில் கொடி காட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் கொடிச் சித்தப்பா. பழக்கம் போகாமல் இப்போதும் பாதிப் பேச்சைக் கையால்தான் பேசுவார். சோறு போதும் என்பதற்கு அவர் கையை வீசுகிற வீச்சில், துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பல் நங்கூரம் போட்டுவிடும். முப்பாட்டனார் உள்ளே கொண்டுவந்த முதல் கப்பலுக்கு அவர் கதையில் சாதாரணமாக இரண்டு பாய்மரம். கேட்பவர் வாயைப் பிளந்தால் மூன்றாவது முளைக்கும். டீயும் கொடுத்தால் நான்கு.

இப்போது பெரிய கப்பல்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. வடக்கே புதிதாகத் தோண்டிய வழியில், விளக்கு வைத்த மிதவைகளைப் பார்த்துப் போய்விடுகின்றன. பழைய வாயில் போகிறவை மீன்பிடி படகுகளும் அத்தானின் லாஞ்சும்தான். வெளியே நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் காய்கறியையும் கொண்டுபோய் விடுகிற லாஞ்சுக்கு அத்தான் சாரங், அதாவது அதை ஓட்டுகிற தலைவர். சுக்கான் பிடித்தால் ஊரில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை நான் மட்டுமில்லை, அவரே அடிக்கடி சொல்வார்.

சிக்கல் அக்காவின் தையல் இயந்திரத்தில் ஆரம்பித்தது.

அக்கா கப்பல்களுக்கு அடையாளக் கொடி தைக்கிறாள். ஒவ்வொரு கொடிக்கும் ஓர் அர்த்தம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடம். தையல் அறை மாடியில், கடல் பக்கம். இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய பொதுச்சுவர். தெருப் பக்க அறையில் சித்தப்பா. ஆக, பட்டப்பகலிலும் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை நீலம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பை வைத்துத் தைத்துவிட்டாள். கொடிகள் மொத்தமாகத் திரும்பி வந்தன. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குப் பிடித்த வேலை உலகத்தில் அது ஒன்றுதான். அது கையை விட்டுப் போகிற நிலைக்கு வந்துவிட்டது.

"ஒரு ஜன்னல்" என்றாள், நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு பரிமாறிக்கொண்டே. "தையல் மெஷின் பக்கத்துல ஒரே ஒரு ஜன்னல். கேட்டது அவ்வளவுதான். என்னமோ கப்பல்ல பங்கு கேட்ட மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காரு."

"ஜன்னல் வெச்சா சுவர் உடைஞ்ச மாதிரி தெரியும்" என்றார் அத்தான். "தூரத்துல இருந்து பார்க்கிறவன் குழம்பிடுவான்."

"யாரு குழம்புறது? வர்றது நீங்களும் நாலு மீன் படகும்."

"நானே குழம்புவேன்."

"நீங்க குழம்புறதுக்கு ஜன்னல் எதுக்கு? வீட்டுக்குள்ளயே கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டு தேடுறவர்தானே."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, உங்க அக்காவுக்கு எடுத்துச் சொல்லு. நீதான் இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் டம்ளரை வெச்சு விளக்குவியே."

நான் டம்ளரை நகர்த்தி வைத்தேன். ஆனால் நான் சொன்னது அவர் எதிர்பார்த்ததாக இல்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். பகலில் தூரத்திலிருந்து பார்க்கும்போது திறந்த ஜன்னல் கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே வருகிற வெளிச்சத்தில் மிகக் கொஞ்சம்தான் திரும்ப வெளியே வருகிறது. ஆகவே ஜன்னல் அளவுக்கு ஒரு கறுப்புத் துணியை, ஜன்னல் வர வேண்டிய இடத்திலேயே வெளியில் தொங்கவிட்டால் போதும். சுவரை உடைக்காமலேயே உடைத்தாற்போல.

அத்தான் யோசித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. நான் லாஞ்சை வெளிய கொண்டுபோய்ட்டு, சுவரை மட்டும் பார்த்து உள்ள கொண்டுவர்றேன். ஒழுங்கா வந்துட்டா ஜன்னல். தரை தட்டிட்டா, இந்த வீட்டுல ஜன்னல்ங்கிற பேச்சே இனிமே கூடாது."

"எழுதி வேணா தரட்டுமா?" என்றாள் அக்கா.

சித்தப்பா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மேலே தூக்கினார். ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அர்த்தம். குழம்புக் கரண்டி ஏற்கெனவே அவர் கையில் இருந்ததால் என் சட்டைக்கும் அந்த அர்த்தம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பழைய குடைத் துணியைச் சேர்த்துத் தைத்து, அடியில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஈயக் குண்டுகளைக் கோத்து, கூரை விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள் அக்கா. தையல் இயந்திரம் அறையின் ஓரத்தில் இருப்பதால் துணியும் சுவரின் ஓரத்தில், கடலிலிருந்து பார்க்கிறவருக்கு வலது கோடியில் தொங்கியது. "ஜெயிச்சிட்டு வாங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அவர் ஜெயித்தால் அவளுக்கு ஜன்னல். கட்டிய புருஷன் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று ஒரு மனைவி இவ்வளவு முழுமனதாக வேண்டிக்கொண்ட நாள் எங்கள் ஊரில் அதற்கு முன் இருந்திருக்காது.

லாஞ்சில் நாங்கள் மூன்று பேர். சுக்கானில் அத்தான். குடும்பத்தின் சார்பில் சித்தப்பா. ஜன்னலின் சார்பில் நான். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து அத்தான் புறப்பட்டார். "சோதனைன்னா கஷ்டமான நேரத்துல செய்யணும்" என்றார். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் மணலில் மாட்டினால் பெரிய ஆபத்தில்லை. கொஞ்சம் காத்திருந்தால் தண்ணீரே படகைத் தூக்கி விட்டுவிடும். இறங்குகிற நேரத்தில் மாட்டினால் நிலைமை ஒவ்வொரு நிமிடமும் மோசமாகும். கிட்டத்தட்ட அரை நாள் அங்கேதான் குடித்தனம்.

வெளியே போகும்போது அத்தான் ஒற்றைக் கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்துக் காற்றுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். திரும்பும்போதுதான் முகம் மாறியது. இரண்டு கைகளாலும் சுக்கானைப் பிடித்தார்.

"சித்தப்பா, இன்னைக்கு இம்மிகூடப் பிசகக் கூடாது. சுவரின் நடுவுல புகைபோக்கி. நான் விலகினா சொல்லுங்க."

சித்தப்பா லாஞ்சின் முன்பக்கம் போய்க் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய மனிதரின் முகம். வெள்ளைச் சுவர் தூரத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் கறுப்புத் துணி ஒரு பொட்டு மாதிரி. பின்னால் மேட்டில் புகைபோக்கி. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அக்கா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

வாயை நெருங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். அத்தானின் கை தானாக லாஞ்சை வலது பக்கம் கொண்டுபோனது. அதனால் சுவர் இடது பக்கம் விலக, புகைபோக்கி சுவரின் வலது கோடிக்கு, கறுப்புத் துணிக்கு மேலே போய் நின்றது.

"நடு விட்டுப் போகுது" என்று சித்தப்பா இடது கையை நீட்டினார்.

அத்தான் திடுக்கிட்டு இடது பக்கம் திருப்பினார். புகைபோக்கி நடுவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மறுபடியும் வலது பக்கம் போனது.

"நடு."

"தெரியுது சித்தப்பா."

"தெரிஞ்சா ஏன் போற? நடு. இன்னும் கொஞ்சம். இன்னும். அப்படியே பிடி."

புகைபோக்கி சுவரின் நட்டநடுவில், ஆணி அடித்த மாதிரி நின்றது. முப்பாட்டனார் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். லாஞ்சின் அடியில் ஒரு சத்தம் கேட்டது; கனமான பாயை யாரோ தரையில் மெதுவாக இழுக்கிற சத்தம்.

சித்தப்பா குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"என்னப்பா, நின்னுட்டோமா?" என்றார் சித்தப்பா.

"நிக்கல. மெதுவா போறோம்."

"எஞ்சின் ஓடுது. கரை கிட்ட வரலையே."

அத்தான் பின்னால் எடுத்துப் பார்த்தார். முன்னால் எடுத்துப் பார்த்தார். பின்புறம் தண்ணீர் சேறாகக் கலங்கியதைத் தவிர வேறு மாற்றமில்லை. எஞ்சினை நிறுத்தினார். நான் பக்கவாட்டில் கழியை விட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா" என்றார் அத்தான். குரலில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. "நான் அப்பவே சொன்னேன். ஜன்னல் கண்ணைக் கெடுத்திருச்சு."

சித்தப்பாவுக்கு முப்பாட்டனார் மேல் எவ்வளவு பக்தியோ அவ்வளவு பக்தி வழிகாட்டும் குறிகளின் மேலும் உண்டு. "பொய் சொல்லாத. எங்க கெடுத்துச்சு? அங்க பாரு, இப்பவும் சுவர் நடுவுலதான் புகைபோக்கி நிக்குது. ஒரு மயிரிழை விலகல. குறியில தப்பே இல்ல."

"அப்ப தப்பு எங்க இருக்கு?"

"எனக்கென்ன தெரியும். சுக்கான் உன் கையில இருந்துச்சு."

"நீங்க சொன்ன பக்கம்தானே திருப்பினேன்."

"நீ சொல்லச் சொன்ன, நான் சொன்னேன்."

நான் மெதுவாகக் கேட்டேன். "அத்தான், தினமும் இந்த வழியாத்தான் வர்றீங்களா?"

"இதே வழிதான். இருபது வருஷமா. முப்பாட்டன் போட்ட வழி."

"இன்னைக்கு உங்க கை ரெண்டு தடவை வலது பக்கம் போச்சு. சித்தப்பாதான் திருத்தினாரு."

அத்தான் தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ அவர் தோளில் முளைத்திருப்பது போலப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லப்போனால் புரிந்த மகிழ்ச்சியில் நாங்கள் மாட்டிக்கொண்டிருப்பதே மறந்துபோனது. மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை ஒரு பக்கம் அரித்து இன்னொரு பக்கம் சேர்க்கும். வழி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. ஒரு வருடத்தில் தெரியாத அளவு. ஒரு தலைமுறையில் ஒரு படகின் அகலம். அந்தந்தத் தலைமுறையின் கை, அடியில் தண்ணீர் கனக்கிற விதத்தை உணர்ந்து, தானும் நகர்ந்திருக்கிறது. வாய் மட்டும் "நடு" என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் யாரும் விதியைச் சோதித்துப் பார்த்ததில்லை, அதனால்தான் யாரும் தரை தட்டியதில்லை. முதல் முறையாக ஒருவர் சொந்தக் குடும்ப விதியை உண்மையாகவே பின்பற்றினார். நாங்கள் மணலில் உட்கார்ந்திருக்கிறோம்.

இதை நான் கழியை டம்ளராகவும் சித்தப்பாவைப் பாட்டிலாகவும் வைத்து விளக்கினேன். நல்ல விளக்கம்தான். கேட்கிற மனநிலையில்தான் யாரும் இல்லை.

அதற்குள் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீன் ஏலம் விடுகிற இடத்திலிருந்து மொத்தமாக வந்துவிட்டார்கள். மொட்டை மாடி இருக்கிற வீடுகளில் மொட்டை மாடி நிறைந்தது. பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டுகிற இழுவைப் படகின் மாஸ்டர், ஆழமான பக்கத்தில் தன் படகைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரிடம் ஒலிபெருக்கி இருந்தது. அது இல்லாமலே கேட்கிற தூரம்தான். இருந்தாலும் எடுத்தார்.

"என்ன சாரங், வீட்டு வாசல்லயே வண்டியை நிறுத்திட்டீங்க?"

அத்தான் சுக்கானைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கயிறு போடட்டுமா?"

"வேணாம்" என்று அத்தான் கத்தினார்.

"காசு பணம் ஒண்ணும் வேணாம் சாரங். கதையை மட்டும் எனக்குக் கொடுத்திருங்க. ஓய்வுக் காலத்துக்கு ஆகும்."

சித்தப்பா எழுந்து நின்று இரண்டு கைகளாலும் ஏதோ ஒரு செய்தி அனுப்பினார். இழுவைப் படகு மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தச் செய்தியின் அர்த்தத்தை நான் பிற்பாடு கேட்டேன். கொடிப் புத்தகத்தில் இல்லாதது என்று மட்டும் சொன்னார்.

இறங்கித் தள்ளிப் பார்த்தோம், லாஞ்ச் அசையவில்லை; வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். லாஞ்ச் மெல்லச் சாய்ந்து, நாங்களும் அதனோடு சாய்ந்து உட்கார வேண்டியதாயிற்று. எதிரே வெள்ளைச் சுவர். அரை நாள் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் தண்ணீர் ஏறி லாஞ்சைத் தூக்கியதும் அத்தான் வலது பக்கம் விட்டு, புகைபோக்கியைக் கறுப்புத் துணிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டு உள்ளே போனார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது லாஞ்ச். ஜன்னல் குறியைக் கெடுக்கவில்லை என்பது மட்டுமில்லை, அந்த வாய்க்கு இப்போது சரியான குறியே ஜன்னல்தான் என்பதை மூன்று பேரும் பார்த்தோம். மூன்று பேரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்குள் நுழையும்போது மாடியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கி வந்தாள். முழங்கால்வரை சேறாக இருந்த எங்களைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு நேரம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஊரே பார்த்த காட்சி இவளுக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கடல் பக்கம் சுவர்; காதில் தையல் இயந்திரச் சத்தம்; தெருப் பக்கம், எல்லோரும் கரைக்குப் போய்விட்டதால், சொல்ல ஆளில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"தரை தட்டிருச்சு" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நான் என்ன செய்ய முடியும்."

அக்கா கையில் இருந்த நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே நின்றாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. நான் ஆரம்பிப்பதற்குள் பக்கத்து வீட்டு அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஏன்டி, நீ எங்கடி போயிருந்த? மாடியில உனக்குன்னு நல்ல இடம் பிடிச்சு வெச்சிருந்தேன். உங்க வீட்டுக்கு நேர் எதிர்லயே மாட்டி, அப்படியே சாய்ஞ்சு, சித்தப்பா எழுந்து நின்னு கையை ஆட்டி, அந்த இழுவைப் படகுக்காரர் மைக்ல..." அத்தானைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நான் உள்ள இருந்தேன் அண்ணி" என்றாள் அக்கா. "எவ்வளவு நேரம் மாட்டியிருந்தாங்க?"

"மத்தியானத்துல இருந்து."

அக்கா நூல்கண்டைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் அத்தான் சமாளித்திருப்பார். அவள் நிதானமாகப் பேசினாள்.

"என் புருஷன் என் வீட்டுக்கு எதிர்ல மணல்ல உட்கார்ந்திருக்காரு. ஊரே வேலையை விட்டுட்டு வந்து பார்த்திருக்கு. அண்ணி பார்த்திருக்காங்க. மீன்காரங்க பார்த்திருக்காங்க. நான் அதே நேரத்துல, அவருக்கு நேரா, ஒரு சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்து தைச்சிருக்கேன். ஏங்க, கல்யாணம் ஆனதுல இருந்து உங்களைப் பத்தி நான் பார்த்திருக்க வேண்டிய நல்ல காட்சி ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதையும் இந்தச் சுவர் மறைச்சிருச்சு."

அண்ணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆனா ஒப்பந்தம்..." என்றார் அத்தான்.

"சுவரைப் பார்த்து வந்ததாலதானே தரை தட்டுச்சு?" என்றேன் நான். "ஜன்னலைப் பார்த்து வந்தப்ப தட்டல."

அத்தான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். வரலாற்றின் பாதுகாவலர், அவர் கூடாது என்றால் கூடாது. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து காலிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரை நாள் சாய்ந்தே உட்கார்ந்திருந்ததில் இப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தார்.

"சுவர் கப்பலுக்காக" என்றார் கடைசியில். "கப்பல் அந்தப் பக்கம் போயிருச்சு. வழி இந்தப் பக்கம் போயிருச்சு. நடுவுல நாம மட்டும் நின்னு எதுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருக்கோம்?" பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மேலே தூக்கினார்.

கொத்தனார் அந்த வாரமே வந்தார். உளி வைத்த இடத்தில் சுவர் உடையவில்லை. சுண்ணாம்புதான் பாளம் பாளமாக வந்தது. வருடத்துக்கு ஒன்றாகப் படிந்த பூச்சு, பக்கவாட்டில் பார்த்தால் புத்தகத்தின் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. அதைப் பார்த்து நான் அடைந்த ஆனந்தத்தில் கொத்தனாரின் வேலை கொஞ்சம் தடைப்பட்டதாக அக்கா பிற்பாடு சொன்னாள். சுண்ணாம்பு தீர்ந்து உள்சுவர் வந்ததும் கொத்தனார் நிறுத்திவிட்டார்.

"இங்க யாரோ ஏற்கெனவே உடைச்சிருக்காங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். சுவர் முழுக்கக் கருங்கல். அந்த ஓர் இடத்தில் மட்டும் செங்கல். செங்கல்லுக்கு மேலே, கல்லுக்குள் புதைந்து, ஒரு தேக்கு உத்தரம். இரண்டு பக்கமும் கம்பிகள் பொருத்துவதற்கான துளைகள். சந்தேகத்துக்கே இடமில்லை. அது ஜன்னல். யாரோ செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். முதல் சுண்ணாம்புப் பூச்சு அந்தச் செங்கல்லின் மேலேயே இருந்தது. அப்படியென்றால் அடைத்தவர் முப்பாட்டனார்தான். அக்கா தன் இயந்திரத்தைப் போட்டிருந்த அதே மூலையில், அவர் மனைவியும் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"கப்பலுக்காக எவ்வளவு பெரிய தியாகம் பாருங்க" என்றார் சித்தப்பா, கண்கள் பளபளக்க. அன்று மாலையே கதையில் புதிய பகுதி சேர்ந்துவிட்டது. முப்பாட்டனார் தன் வீட்டு வெளிச்சத்தைத் தானே அடைத்துக்கொண்டு கப்பல்களுக்கு வெளிச்சம் கொடுத்தார் என்று கொத்தனாருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். கொத்தனார் டீ வாங்கிக் கொடுத்தார். பாய்மரம் ஐந்தாகிவிட்டது.

"தியாகம் யாரோடது?" என்று அக்கா கேட்டாள். சித்தப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

செங்கல்லை எடுத்துவிட்டு அதே துளைகளில் கம்பி வைத்தார்கள். அறை முழுக்கக் கடல் வெளிச்சம். நீலம் நீலமாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரிந்தது. அடுத்துத் தைத்துக் கொடுத்த கொடிகளைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கப்பலுக்குச் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மீன் படகுக்காரர்கள் "ஜன்னல் மேல புகைபோக்கி" என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மணல் மறுபடியும் நகர்கிற வரைக்கும் இந்த விதி சரியாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அத்தான் என் கடைக்கு வந்தார். லாஞ்சின் திசைகாட்டியில் ஏதோ கோளாறு என்றார். பிரித்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்து போகிற எண்ணமே இல்லாமல் என் திருப்புளிகளை வரிசையாக அடுக்கினார்.

"வீட்டுல எப்படி இருக்காங்க?" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கா. நாள் முழுக்க ஜன்னல்லதான் இருக்கா." ஒரு திருப்புளியை எடுத்துத் திருப்பி வைத்தார். "நேத்து வாய்க்குள்ள நுழையறேன். ஜன்னல்ல இருந்து கை வருது. இடது பக்கம் காட்டுறா. முந்தாநாள் ராத்திரி சாப்பிடும்போது, 'அந்த மூணாவது அலையில ஏன் வேகத்தைக் குறைச்சீங்க'ன்னு கேட்கிறா. சித்தப்பா வேற அவளுக்குக் கொடி பாஷை சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்காரு. இன்னைக்குக் காலையில ரெண்டு கொடியைச் சேர்த்துக் காட்டினா. படகுல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் அர்த்தம் தெரியல."

"என்ன கொடி?"

சொன்னார். சிரிப்பு தெரியாமல் இருக்க நான் முகத்தைத் திசைகாட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, சித்தப்பாகிட்ட சொல்லாத. முப்பாட்டன் அந்த ஜன்னலை எதுக்கு அடைச்சாருன்னு எனக்குத் தெரியும்."